எங்கே நிற்பது

குரோம்பேட்டையில் எங்கள் தெருவில் என்னை ‘ரயில்வேக்காரர்’ என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் குடிவருகிறவர்கள் டிரைவரா, கார்டா, டி.டி.ஆரா என்று கேட்பார்கள். மூன்றும் இல்லை. பெட்டியோடு பெட்டியை மாட்டுவதும், பெட்டியோடு இன்ஜினை மாட்டுவதும், மறுபடி கழற்றுவதும் என் வேலை; ஷண்டிங் என்போம். 1976-ல் பாயிண்ட்ஸ்மேனாகச் சேர்ந்தேன். பிறகு ஷண்டிங் ஜமேதார். ஓய்வு பெறும்போது ஷண்டிங் மாஸ்டர். இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாமல் ஆயுள் முழுக்க ரயிலில் போய்வருகிறவர்கள் உண்டு. பிளாட்பாரத்தின் கோடிக்குப் போய், இன்ஜினுக்கும் முதல் பெட்டிக்கும் நடுவில் தண்டவாளத்தில் நிற்கும் ஆளை எட்டிப் பார்ப்பவை குழந்தைகள்தான்.

அந்த நடு இடத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். இரண்டு வண்டிகளுக்கு இடையில் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம். ‘உள்ளே போறது’ என்போம். எப்போது உள்ளே போவது, போனால் எங்கே நிற்பது, வெளியே வந்துவிட்டான் என்று யார் யாருக்குச் சொல்வது. எங்கள் தொழிலின் முக்கால் பங்கு இதுதான். இரும்பைத் தூக்கி மாட்டுவது மிச்சம்.

நான் சேர்ந்தபோது தாம்பரம் முழுக்க மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1000 மில்லிமீட்டர். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் 1931 மே மாதத்திலிருந்து மின்சார ரயில் ஓடிய பாதை. எழும்பூரிலிருந்து தெற்கே போகும் பாண்டியன், நெல்லை, மலைக்கோட்டை, கொல்லம் மெயில் எல்லாம் அதே குறுகிய பாதையில்தான் குரோம்பேட்டையைத் தாண்டிப் போகும். யார்டில் நீராவி இன்ஜின், டீசல், மின்சார இன்ஜின் மூன்றும் ஒரே நேரத்தில் நிற்கும். மூன்றுக்கும் கப்ளிங் ஒன்று.

அந்தக் கப்ளிங்கைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெட்டியின் முகப்பில் நட்டநடுவே ஒரே ஒரு பஃபர் துருத்திக்கொண்டிருக்கும். அதன் இரும்பு முகத்தில் ஒரு பிளவு. அந்தப் பிளவில், ஒரு பின்னில் அசையும் கனத்த கொக்கி. இரண்டு வண்டிகளின் பஃபர்களும் முகத்தோடு முகம் முட்டியதும், ஒரு பக்கத்துக் கொக்கியைத் தூக்கி எதிர்ப்பக்கத்துப் பிளவில் போட வேண்டும். உள்ளே இருக்கும் குறுக்குப் பின்னில் அது விழுந்து கவ்வும். எதிர் வண்டிக்கும் ஒரு கொக்கி இருக்கும். அதைப் பின்னால் சாய்த்து வைத்துவிடுவோம். நாங்கள் ஏ.பி.சி. கப்ளிங் என்போம். இதே இனத்துக் கொக்கியை உலகத்தில் நார்வே கொக்கி என்கிறார்கள். குறுகிய ரயில் பாதைகள் போட்ட நாடுகளில் 19-ஆம் நூற்றாண்டிலேயே பரவிய சாமான். பெட்டிகள் மாறின, இன்ஜின்கள் மாறின; கொக்கி மட்டும் அப்படியே இருந்தது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் விழுப்புரம் பக்கத்துக்காரர், ஷண்டிங் ஜமேதார். முதல் நாள் யார்டின் ஓரத்தில் தனியாக நின்ற இரண்டு வேகன்களுக்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

“தம்பி, இந்த நடு அதோடது. ஓரம் உன்னோடது. நீ அதோட எடத்துக்குப் போகாத. அது உன் எடத்துக்கு வராது.”

மீட்டர் கேஜில் இதுதான் சட்டம். பஃபர் நடுவில் இருப்பதால், அசைகிற வண்டியின் முழு எடையும் அந்த ஒற்றை இரும்பு முகத்தில்தான் வந்து இறங்கும். அதற்கு நேராக நின்றால் பிழைக்க வழியில்லை. பக்கவாட்டில், ஒரு தோளைக் கொடுத்து நின்றால் ஆளுக்கு இடம் இருக்கும். ஒரே எட்டில் வெளியே வந்துவிடலாம். குனிய வேண்டியதில்லை. கையை மட்டும் நீட்டிக் கொக்கியைப் போட வேண்டும். அதனால் மீட்டர் கேஜில் உயிரை விடக் கை விரல்தான் அதிகம் போயிற்று. கொக்கி விழும் வேகத்துக்கு விரல் குறுக்கே இருந்தால் எலும்பு நிற்காது. அந்தக் காலத்து யார்டுகளில் சீனியர் ஆட்களின் கையைப் பார்த்தால் போதும், எத்தனை வருஷ சர்வீஸ் என்று சொல்லிவிடலாம் என்பார்கள். கேட்பதற்குப் பெருமை மாதிரி இருக்கும். எனக்கு அந்தப் பேச்சு ஒருநாளும் பிடித்ததில்லை.

ஜமேதார் கற்றுக்கொடுத்த இன்னொன்று, சக்கரத்தைப் பார்ப்பது. பக்கத்து லைனில் ஒரு ரேக், அதாவது கோத்த பெட்டி வரிசை, நகர்ந்தால், நின்றுகொண்டிருக்கும் நம் வண்டி நகர்வது போலத் தெரியும். நகரும் வண்டி நிற்பது போலவும் தெரியும். ரயிலில் உட்கார்ந்திருக்கும் யாரும் இதை அனுபவித்திருப்பார்கள். உள்ளே போகிறவனுக்கு அந்த மயக்கம் வரக் கூடாது. “பொட்டியப் பாக்காத. சக்கரமும் தண்டவாளமும் தொடற எடத்தப் பாரு. அது பொய் சொல்லாது” என்பார்.

அதற்கப்புறம் காத்திருப்பது. முட்டின வண்டி முட்டின இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. பஃபருக்குள் இருக்கும் ஸ்பிரிங் அமுங்கித் திரும்பத் தள்ளும். ஓர் அடி, சில சமயம் இரண்டடி வண்டி பின்னால் போகும். யார்டில் லேசான சரிவு இருந்தால் அங்கேயும் நிற்காது, திரும்பி வரும். ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். காலி வேகன்தானே என்று நினைப்பவர்கள் உண்டு. காலி வேகனும் பல டன். மனித உடம்புக்குக் காலியும் லோடும் ஒன்றே.

கையசைவுகள் ரயில்வேயின் பொது விதிகளில் எழுதப்பட்டவை. நாங்களாகக் கண்டுபிடித்தவை அல்ல. பச்சைக் கொடியை மெதுவாக மேலும் கீழும் ஆட்டினால், என்னைவிட்டு விலகிப் போ. உடம்புக்குக் குறுக்கே இப்படியும் அப்படியும் ஆட்டினால், என்னிடம் வா. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஒன்றையொன்று நெருங்கவும் விலகவும் காட்டினால், மாட்டப்போகிறோம், மெல்ல வா. ராத்திரி என்றால் பச்சை விளக்கைத் தலைக்கு மேலே பிடித்து மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். ஷண்டிங்கில் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. வெடிமருந்து, பெட்ரோல், காஸ் ஏற்றிய வண்டி என்றால் 8. பிரயாணிகள் ரயிலோடு இன்ஜினை மாட்டும்போது 20 மீட்டர் முன்னாலேயே ஒருமுறை முழுதாக நிறுத்தி, மறுபடி கைச் சிக்னல் வாங்கிக்கொண்டு நகர வேண்டும்.

விதி சரி. ஆனால் டிரைவர் என்ன பார்க்கிறார்? நீராவி இன்ஜின் டெண்டர் பக்கமாகப் பின்னால் வரும்போது நிலக்கரிக் குவியல்தான் அவர் கண்ணுக்கு முன்னால். டீசல் இன்ஜின் நீளமான மூக்கை முன்னால் நீட்டிக்கொண்டு வந்தால் ஒரு பக்கம் மொத்தமாக மறைந்துபோகும். வளைவில் நின்ற ரேக் என்றால் நான் எங்கே இருக்கிறேன் என்றே தெரியாது. அப்போது நடுவில் ஓர் ஆளை நிறுத்தி, நான் காட்டுவதை அவன் பார்த்து, அவன் காட்டுவதை டிரைவர் பார்க்க வேண்டும். மார்கழிப் பனியில் மண்ணெண்ணெய்க் கைவிளக்கின் பச்சை எவ்வளவு தூரம் தெரியும் என்பது டிரைவரின் கண்ணைப் பொறுத்தது. நல்ல டிரைவர்கள் சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டு ஹாரன் அடித்துக் கேட்பார்கள். சிக்னல் கண்ணில் இருந்து மறைந்த கணமே நிறுத்து என்றுதான் அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி எடுத்துக்கொண்ட டிரைவர்களால்தான் நானும் என் கூட்டாளிகளும் வீடு திரும்பினோம். இதை நன்றியோடு சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் அகலப் பாதை வந்தது. ஊரே கொண்டாடியது, கொண்டாட வேண்டிய விஷயம்தான். 1676 மில்லிமீட்டர் பாதை, பெரிய பெட்டி, அதிக வேகம், டெல்லிவரை ஒரே வண்டி. எங்களுக்கோ இருபது வருஷமாக உடம்பில் ஊறியதைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டிய காலமாக அது வந்தது.

அகலப் பாதைப் பெட்டியில் பஃபர் நடுவில் இல்லை. இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, பெரிய தட்டு முகத்தோடு. நடுவில் ஒரு கொக்கியும், கொக்கியில் தொங்கும் திருகு கப்ளிங்கும். அதாவது மீட்டர் கேஜில் எனக்கு என்று விடப்பட்ட ஓரம் இங்கே பஃபருடையது. மீட்டர் கேஜில் சாவு இருந்த நடுவில்தான் இங்கே நான் நிற்க வேண்டும். பஃபர்கள் முட்டி நின்றுவிட்டால் நடுவில் நிற்பவனுக்கு ஒன்றும் ஆகாது. அவைதான் இரண்டு வண்டிகளையும் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆனால் அந்த நடுவுக்குப் போக வேண்டுமென்றால் பஃபருக்கு அடியில் குனிந்து நுழைய வேண்டும். வேலை முடிந்து வெளியே வரவும் அதே குனிவு. குனிந்திருக்கும் அந்த இரண்டு மூன்று நொடி தலையும் தோளும் பஃபர் மட்டத்தில் இருக்கும். உள்ளே இருப்பவனுக்கு இல்லாத ஆபத்து, வாசலில் இருப்பவனுக்கு.

இரண்டு பாதைகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த வருஷங்கள் உண்டு. மீட்டர் கேஜ் மின்சார ரயில் இந்தப் பாதையில் 2004 ஜூலை 1 வரை ஓடியது. காலையில் மீட்டர் கேஜ் ரேக்கில் வேலை, மத்தியானம் அகலப் பாதை ரேக்கில் வேலை என்று போன நாட்களில், ஒவ்வொரு முறையும் வண்டிக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று, இது எந்த வண்டி, என் இடம் எது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போவேன். கூட இருந்த பையன்களையும் சொல்லச் சொல்வேன். கால் பழக்கத்தில்தான் போகும், யோசித்துப் போகாது. அதை வாயால்தான் நிறுத்த முடியும் என்று எனக்குத் தோன்றியது.

திருகு கப்ளிங்கை 1830-களில் இங்கிலாந்தில் லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில்வேயின் செயலாளராக இருந்த ஹென்றி பூத் கொண்டுவந்தார். அதற்கு முன் பெட்டிகளைத் தளர்ந்த சங்கிலியால் கட்டி இழுத்தார்கள். கிளம்பும்போதும் நிற்கும்போதும் பிரயாணிகள் முன்னும் பின்னும் மோதிக்கொண்டார்கள். பூத்தின் திருகு, பஃபர் பஃபரோடு இறுகும்வரை பெட்டிகளை இழுத்துக் கட்டியது. பிரயாணிக்குச் சுகம். ஆனால் இறுக்குவதற்கு ஓர் ஆள் உள்ளே நின்று திருகைச் சுற்ற வேண்டும். கனத்த வளையத்தை இரண்டு கையாலும் தூக்கி எதிர் கொக்கியில் போட்டு, நடுவில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி இறுக்கி, பிரேக்குக்கான ஹோஸ் பைப்புகளை மாட்டி, குழாய் வால்வைத் திறந்து, குனிந்து வெளியே வர வேண்டும். மழையில் வளையம் வழுக்கும். வெயிலில் கை பொரியும். அவசரப்படுகிறவனுக்கு இதில் இடமே கிடையாது. ஆனால் ரயில்வேயில் அவசரம் இல்லாத நேரம் எது? பிளாட்பாரத்தில் ரயில் நிற்கிறது, இன்ஜின் மாற்ற வேண்டும், ஸ்டேஷன் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

இந்த அவசரத்தில் பிறந்த ஒரு பழக்கம் உண்டு. இன்ஜின் முட்டுவதற்கு முன்னாலேயே உள்ளே போய் நடுவில் நின்றுகொள்வது. பஃபர்கள் இரண்டு பக்கமும் வந்து மூடும். மூடிய நொடியே வளையத்தைத் தூக்கிப் போட்டுவிடலாம். குனிந்து நுழையும் நேரம் மிச்சம். விதியில் இது தடை. ஆனாலும் நாடு முழுக்கச் செய்தார்கள். பல இடங்களில் இன்னும் செய்கிறார்கள் என்றே நினைக்கிறேன். செய்கிறவர்கள் துணிச்சலைக் காட்டுவதற்காகச் செய்வதில்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்கிறான் என்ற பெயருக்காக, மேலே இருப்பவர் முகம் சுளிக்கக் கூடாது என்பதற்காகச் செய்கிறார்கள்.

என்னோடு ஒரே பேட்ச்சில் சேர்ந்த ஒருவன் செத்தது இப்படித்தான். எந்த யார்டு என்று எழுதப்போவதில்லை. ஐப்பசி மழை, ராத்திரி இரண்டாம் ஷிஃப்ட் முடியும் நேரம். இன்ஜின் வந்து நின்றது. அவன் முறைப்படிதான் போனான், நின்ற பிறகு. வளையத்தைத் தூக்கினான், எட்டவில்லை. பஃபர்களுக்கு நடுவே ஒரு சாண் இடைவெளி. இது அடிக்கடி நடக்கும். ஸ்பிரிங் திருப்பித் தள்ளியதாலோ, டிரைவர் ஒரு நொடி முன்னால் பிரேக் பிடித்ததாலோ, அந்த ஒரு சாண் மிச்சம் நின்றுவிடும். அப்படியானால் வெளியே வந்து, இன்னும் கொஞ்சம் வா என்று காட்டிவிட்டு, மறுபடி உள்ளே போக வேண்டும். அவன் வெளியே வரக் குனிந்தான். மறுபக்கத்தில் நின்ற இன்னொரு ஆள் இடைவெளியைப் பார்த்தான். போனவன் இன்னும் உள்ளே நடுவில்தான் நிற்கிறான் என்று நினைத்து, வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, விளக்கைக் காட்டினான். டிரைவர் பச்சையைப் பார்த்து ஒரு சாண் நகர்ந்தார். மூன்று பேரும் தங்கள் தங்கள் அளவில் சரியாகத்தான் செய்தார்கள்.

விசாரணையில் கேட்ட கேள்வி, விளக்கைக் காட்டியது யார், யார் சொல்லிக் காட்டினான். பதில் கிடைத்தது. தண்டனையும் கிடைத்தது. எனக்கு அன்றிலிருந்து இருக்கும் கேள்வி வேறு. ஒரு சாண் இடைவெளியை மூட ஒரு மனிதன் ஏன் அதற்குள் குனிந்திருக்க வேண்டும்? அந்த இடத்துக்கு ஆளே போக வேண்டாத கப்ளிங் உலகத்தில் இல்லையா?

இருந்தது, வெகு காலமாக. ஓய்வுக்குப் பிறகு தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் முதலில் இருந்தது நம்முடையதைவிட மோசமான முறை. ஓர் இரும்பு வளையம், ஒரு பின். மோதும் வண்டிக்கு நடுவே நின்று வளையத்தைக் கையால் பிடித்து எதிர் வாய்க்குள் செலுத்திப் பின்னைப் போட வேண்டும். விரல் போனவர்கள், உயிர் போனவர்கள் கணக்கு வருஷத்துக்கு வருஷம் ஏறியது. 1873-ல் எலி ஜேனி என்பவர் ஒரு கப்ளருக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு கைகளின் விரல்களையும் மடக்கி ஒன்றோடொன்று கோத்துப் பாருங்கள், அதே வடிவம். மோதினால் தானாக மூடிக் கவ்வும். கழற்ற, பக்கத்தில் நின்று ஒரு லீவரைத் தூக்கினால் போதும். ஆனால் வழி தெரிந்த பிறகும் ரயில் கம்பெனிகள் செலவு என்று தள்ளிப் போட்டன. அயோவா மாநிலத்தில் லோரன்சோ காஃபின் என்ற விவசாயி, ஒரு ரயில் தொழிலாளி கப்ளிங்கில் விரலை இழந்ததை நேரில் பார்த்தவர், வருஷக்கணக்கில் கடிதம் எழுதினார், கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார். 1893-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அதன் உயிர் ஒரே நிபந்தனை: வண்டிகள் மோதினாலே மாட்டிக்கொள்ள வேண்டும், கழற்றுவதற்கு ஆள் இரண்டு வண்டிகளுக்கு நடுவே போகத் தேவை இருக்கக் கூடாது. ஜாக்கிரதையாக இரு என்று தொழிலாளிக்குச் சொல்லும் சட்டம் அல்ல அது. அவனை அங்கே அனுப்பாதே என்று கம்பெனிக்குச் சொன்ன சட்டம்.

ஜப்பானில் நடந்தது இன்னும் பெரிய காரியம். அங்கேயும் நம்மைப் போலத் திருகு கப்ளிங்தான் இருந்தது, அங்கேயும் ஆட்கள் நசுங்கினார்கள். வருஷக்கணக்காகத் திட்டம் போட்டு, புதிய கப்ளர்களை முன்கூட்டியே பெட்டிகளின் அடியில் தொங்கவிட்டு, 1925 ஜூலை 17 அன்று பெரிய தீவான ஹொன்ஷூவில் ரயில்களை நிறுத்தி ஒரே நாளில் மாற்றினார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தாம்பரம் ஞாபகம்தான் வந்தது. 1960-களின் நடுவில் நம் மீட்டர் கேஜ் பாதைக்காக ஜப்பானில் கட்டிக் கொண்டுவந்த ஒய்.ஏ.எம்.-1 மின்சார இன்ஜின்களைத் தாம்பரத்தில்தான் பராமரித்தார்கள். அவற்றை நான் எத்தனையோ தடவை மாட்டியிருக்கிறேன், கழற்றியிருக்கிறேன். கட்டிய நாட்டில் கப்ளிங்குக்குள் ஆள் போவதை நிறுத்தி நாற்பது வருஷம் ஆகியிருந்தது. இங்கே வந்த இன்ஜினுக்கு நம் பெட்டிகளோடு சேர நம் கொக்கியைத்தான் பொருத்த முடிந்தது. ஒரு பெட்டியில் மட்டும் மாற்ற முடியாது என்பதே கப்ளிங்கின் சிக்கல். மாற்றினால் எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும்.

நம் நாட்டில் சரக்கு வேகன்களுக்கு மோதினால் மாட்டும் கப்ளர் 1960-களிலேயே வரத் தொடங்கிவிட்டது. நீளமான நிலக்கரி, இரும்புத்தாது ரயில்களை இழுக்கத் திருகு கப்ளிங் தாங்காது என்பது அதற்குக் காரணம். பிரயாணிகள் பெட்டிக்கு அந்த நெருக்கடி இல்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப். 1955-ல் தொடங்கி, ஊர் ஊராக நாம் பார்த்த அந்தப் பெட்டிகளைத் திருகு கப்ளிங்கோடும் ஓர பஃபர்களோடும் 2018 தொடக்கம் வரை கட்டியது. 2000-ல் ஜெர்மனியிலிருந்து வந்த எல்.எச்.பி. பெட்டிகளில்தான் நடு கப்ளர் பிரயாணிகள் ரயிலுக்கு வந்தது. சரக்குக்கு வந்த வசதி பிரயாணி ரயிலை மாட்டும் ஆளுக்கு வந்துசேர அத்தனை காலம்.

வந்த பிறகும் ஒரு சிக்கல். இன்ஜின் இரண்டு வகைப் பெட்டிகளையும் இழுக்க வேண்டும். அதனால் இன்ஜினின் முகத்தில் நடுவே கப்ளரும் இருக்கும், ஓரத்தில் இரண்டு பஃபர்களும் இருக்கும். பழைய பெட்டி என்றால் கப்ளரில் திருகு கப்ளிங்கைக் கோத்து மாட்ட வேண்டும். புதிய பெட்டி என்றால் கப்ளரோடு கப்ளர். கப்ளர் தானாக மாட்டினாலும், பிரேக்குக்கான காற்று ஹோஸ் பைப்புகள் தானாக மாட்டுவதில்லை. ஆள் உள்ளே போய்த்தான் கோக்க வேண்டும். மீட்டர் கேஜில் ஓரம் என்னுடையது. திருகு கப்ளிங்கில் நடு என்னுடையது. இப்போது நடுவும் அதனுடையது, ஓரமும் அதனுடையது.

2024 நவம்பர் 9 அன்று பீகாரில் பரௌனி ஜங்ஷனில், லக்னோவிலிருந்து வந்த எக்ஸ்பிரஸின் இன்ஜினைக் கழற்றும் வேலையில், இன்ஜினுக்கும் மின்சாரம் தரும் பவர் காருக்கும் நடுவே ரயில்வே ஊழியர் ஒருவர் நசுங்கி இறந்தார். நின்ற நிலையிலேயே மாட்டிக்கொண்ட அவருடைய படம் நாடு முழுக்கச் சுற்றியது. அந்தப் படத்தை நானும் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். அவர் குடும்பமும் பார்த்திருக்கும். மறுநாளே சொன்ன விளக்கம், ஊழியர்களுக்கு இடையே ஒருங்கிணைப்பு இல்லை என்பது. எங்கள் ஐப்பசி மழை விசாரணையில் கேட்ட அதே கேள்வி, அதே பதில்.

ஒருங்கிணைப்பு வேண்டும்தான். ஒரு நேரத்தில் ஒரே ஆள்தான் சிக்னல் காட்ட வேண்டும். உள்ளே போனவன் தானே வெளியே வந்து, தானே கையைக் காட்டும்வரை இன்ஜின் அசையக் கூடாது. டிரைவர் பிரேக்கைப் போட்டுவிட்டேன் என்று வாக்கி-டாக்கியில் சொல்லி, அதை இவன் திருப்பிச் சொன்ன பிறகே கால் உள்ளே போக வேண்டும். வாக்கி-டாக்கி எங்கள் காலத்தில் கடைசிச் சில வருஷம்தான் கைக்கு வந்தது. அது வந்த பிறகு எத்தனை தடவை உயிர் தப்பியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் தூக்கம் கெட்ட ராத்திரியில், ஆள் குறைந்த ஷிஃப்டில், இத்தனையையும் ஒருவன் முப்பது வருஷம் ஒருதடவை கூடத் தவறாமல் செய்ய வேண்டும் என்று எதிர்பார்த்துக் கட்டப்பட்ட இயந்திரம் நல்ல இயந்திரம் அல்ல. விசாரணை அதிகாரிகள் முதல் கேள்வியாக, அவர் ஏன் உள்ளே போக வேண்டியிருந்தது என்று கேட்கட்டும். யார் கை காட்டினார் என்பதை இரண்டாவதாகக் கேட்கலாம்.

குரோம்பேட்டையில் தினமும் ஏறி இறங்கும் மின்சார ரயிலைப் பாருங்கள். சில பெட்டிகளாகக் கட்டிய தொகுதிகளைச் சேர்த்துத்தான் முழு ரயில் ஆக்குகிறார்கள். தொகுதியும் தொகுதியும் சேரும் முனையில் இருப்பது ஷார்ஃபன்பெர்க் என்ற ஜெர்மானியர் 1903-ல் காப்புரிமை பெற்ற வகைக் கப்ளர். யார்டில் அதை ஷாக்கு என்பார்கள். இரும்போடு காற்றுக் குழாயும் சேர்ந்தே இணைந்துகொள்ளும். பெரம்பூரில் கட்டிய வந்தே பாரத் ரயிலில் இரண்டு முனையிலும் டிரைவர் அறை இருப்பதால், கடைசி ஸ்டேஷனில் இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலையே கிடையாது. அம்ரித் பாரத் ரயிலுக்கு இரண்டு பக்கமும் இன்ஜின். இவற்றை வேகத்துக்காகவும் சொகுசுக்காகவும் புகழ்கிறார்கள். என்னைப் போன்றவர்கள் புகழ்வதற்குக் காரணம், அவை ஒவ்வொன்றும் ஒரு பாயிண்ட்ஸ்மேனைத் தண்டவாளத்திலிருந்து மேலே ஏற்றுவதுதான். மற்ற எக்ஸ்பிரஸ் ரயில்களுக்கும் ஹோஸ் பைப் தானாகச் சேரும் கப்ளர் வர வேண்டும். செலவு ஆகும். 1893-லும் அதைத்தான் சொன்னார்கள்.

எங்கள் பகுதி ஜனங்களிடம் நேரடியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. பல்லாவரம் முதல் தாம்பரம் வரை, சிக்னலுக்காக நிற்கும் சரக்கு ரயிலின் இரண்டு வேகன்களுக்கு நடுவே கப்ளிங்கின் மேல் ஏறி, அல்லது கீழே குனிந்து, மறுபக்கம் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் காய்கறிப் பை, பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளை. நிற்கும் ரயில்தானே என்று நினைக்கிறீர்கள். சரக்கு ரயிலின் ஒவ்வொரு கப்ளரிலும் கொஞ்சம் தளர்ச்சி உண்டு. இன்ஜின் அரை கிலோமீட்டருக்கு அப்பால் கிளம்பும். ஹாரன் சத்தம் சாலை இரைச்சலில் உங்களுக்குக் கேட்காது. இழுப்பு ஒரு வேகனிலிருந்து அடுத்த வேகனுக்குத் தளர்ச்சியை உறிஞ்சிக்கொண்டே ஓடி வரும். உங்களிடம் வந்து சேரும்போது அந்த வேகன் மெதுவாக நகரத் தொடங்காது, ஒரே வெட்டாக வெட்டும். கப்ளிங் மேல் வைத்த கால் வழுக்கும். அடியில் குனிந்தவர் நிமிர நேரம் இருக்காது.

நான் உள்ளே போனபோது வெளியே கொடியோடு ஒருவன் நின்றான், இன்ஜினில் என்னைத் தெரிந்த டிரைவர் இருந்தார், அத்தனையும் இருந்தும் நாங்கள் ஆட்களை இழந்தோம். நீங்கள் குனியும்போது அங்கே நீங்கள் இருப்பது அந்த டிரைவருக்குத் தெரியாது. நடைமேம்பாலம் இருக்கும் இடம்வரை நடக்க ஐந்து நிமிஷம் ஆகும். முட்டி வலிக்கிற வயசுதான் எனக்கும். நான் படியேறித்தான் போகிறேன்.